கீரை ஆயும்போது பேசுங்க: குழந்தையின் சொல் வளம் வீட்டில்தான் வளர்கிறது

உங்கள் குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று கேட்டால், நம்மில் பலர் பொருட்களின் பெயர்களைத்தான் எண்ணுவோம். ஆப்பிள், பந்து, பூனை, கார். வீட்டுக்கு யாராவது வந்தால் "இது என்ன, மாமாவுக்குச் சொல்லு" என்று பரீட்சை வைப்பதும் இந்தப் பெயர்களில்தான். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேசிவிட முடியாது. பந்து உருண்டதா, துள்ளியதா, கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டதா என்று சொல்ல வேறு சொற்கள் வேண்டும்.

அந்தச் சொற்கள் நிறையக் கிடைக்கிற இடம் சமையலறை. கவனித்துப் பாருங்கள்: கீரையை ஆய்கிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், முருங்கைக்கீரையை உருவுகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், மாவைச் சலித்துப் பிசைகிறோம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. இதையெல்லாம் "கட் பண்றேன்", "மிக்ஸ் பண்றேன்" என்று முடித்துவிட்டால், குழந்தைக்குக் கிடைப்பதும் அந்த இரண்டு மட்டும்தான். துணி துவைக்கும் இடமும் இப்படித்தான். ஊறவைத்து, அலசி, பிழிந்து, உதறி, காயப்போட்டு, மடித்து வைப்பதற்குள் ஆறு சொல் வந்துவிடுகிறது. ஒரு கைக்குட்டையைக் கையில் கொடுத்து "நீயும் உதறு" என்றால் போதும், சொல்லும் செயலும் சேர்ந்தே மனதில் பதியும். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய் வருகிற அம்மா அப்பாவுக்கு அப்படி நேரம் எங்கே இருக்கிறது?

பேசுவது என்றால் நாமே விடாமல் பேசுவது அல்ல. ஒரு சொல் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். குழந்தை கையைக் காட்டலாம், ஒரு சத்தம் எழுப்பலாம். அதுவும் பதில்தான். அது "பஸ்" என்றால், "ஆமா, பஸ் நிக்குது. பாட்டி இறங்குறாங்க" என்று இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "தக்காயி" என்று சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், "தப்பு, சரியா சொல்லு" என்று அதட்டவும் வேண்டாம். "தக்காளியா வேணும்? இந்தா தக்காளி" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். கொஞ்சலாக இருக்கிறதே என்று நாமும் "தக்காயி" சொல்லிக்கொண்டிருந்தால் அது சரியான சொல்லைக் கேட்பதே இல்லை.

அடுத்து, இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே போன். 1 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. சோறு ஊட்டும்போது பாட்டு வீடியோ போட்டால் வாய் திறக்கும்தான், ஆனால் சொல்லைக் கேட்டுப் பதில் சொல்லும் வாய்ப்பு அங்கே இல்லை. வெளியூரில் இருக்கும் அப்பாவுடன் வீடியோ கால் பேசுவது வேறு; எதிரில் இருப்பவர் பதில் பேசுகிறார். போனையே பயன்படுத்துவதென்றால், பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். மடியில் உட்கார வைத்து, படத்தைக் காட்டி நீங்களே வாசியுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் புத்தகமாகவே எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

"இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கப் போறோம், வீட்டுலயும் இங்கிலீஷ்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழி எதுவோ அதில் பேசுங்கள். தமிழோ, தெலுங்கோ, உருதோ, சௌராஷ்டிரமோ, கதை சொல்லவும் காரணம் விளக்கவும் அதில்தான் உங்களால் முடியும். "டாக் பாரு, ரன் பண்ணுது" என்பதில் குழந்தைக்கு இரண்டு மொழியுமே அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

2 வயது முடிந்த குழந்தை என்றால் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். "இந்த மாசம் என்ன தலைப்பு?" என்று பணியாளரிடம் கேட்டு, அதைப் பற்றியே வீட்டிலும் பேசுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேச்சு வரவில்லை என்றால்? "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற பதில் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும். தயவுசெய்து அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 6 மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராவிட்டால், 2 வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்க்காவிட்டால், முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேட்காத சொல்லைக் குழந்தையால் பேச முடியாது. கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று நாம் சமாதானம் ஆகிவிடுகிறோம். பேச்சொலிகள் கேட்காத குழந்தைக்கும் அந்தப் பெரிய சத்தம் கேட்கலாம்.

தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கிறது. அவர்கள் வரும் நாளைக் கேட்டு வையுங்கள், அன்று குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். அதுவரை பொறுக்க வேண்டாம் என்று தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். அங்கிருந்து மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். காது கேட்கும் கருவி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே கட்டணமின்றிப் பெற வழி உண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழையுங்கள். அழைக்கும் முன் குழந்தையின் வயது, இதுவரை சொன்ன சொற்கள், எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரும் முதலில் இதைத்தான் கேட்பார்.