கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை

கார் சாமான் விற்கும் நம் அன்பர்களிடம் அடிக்கடி வரும் புகார்: "உங்க வாக்ஸ் பாலிஷ் பம்பரை வெளுக்க வச்சிடுச்சு." சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கின் நுண்குழிகளில் வாக்ஸ் புகுந்து காய்ந்தால் வெள்ளையாகத்தான் தெரியும். பென்சில் ரப்பரால் ஓரிடத்தில் தேய்த்துக் காட்டுங்கள். கறுப்பு திரும்பினால் வாக்ஸ். திரும்பாவிட்டால் பெரும்பாலும் வெயிலில் வெளுத்தது. அது கழுவினால் போகாது.

வாக்ஸ் என்றால் வண்டியை நிழலில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயுமுன் துடைக்கச் சொல்லுங்கள். தின்னர் மட்டும் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். பிளாஸ்டிக் பட்டியின் மேல்பரப்பு இளகிவிட்டது. புதுப் பட்டிக்கு என் கைப்பணம் போயிற்று, அந்த வாடிக்கையாளரும் மறுபடி கடை ஏறவில்லை.

வாக்ஸ் டப்பாவோடு மாஸ்கிங் டேப்பும் எடுத்துக் காட்டுங்கள். பிளாஸ்டிக் மேல் அதை ஒட்டிவிட்டுப் பூசினால் இந்தப் பஞ்சாயத்தே வராது.