கூட்டினுள் மறைந்த பகை

கண் திறவாத பறவைக் குஞ்சிற்கு உரிய தொழில் ஒன்றே, அது வளர்தல். தாயும் தந்தையும் ஊட்டும் இரையே அதன் உடலில் வெப்பமாகவும் தசையாகவும் இறகாகவும் மாறுகின்றது. அவ்வுணவின் பயனை மற்றோர் உயிர் கவர்ந்துகொண்டால் குஞ்சின் நிலை என்னாகும்? கலாபகோஸ் தீவுகளில் நிகழ்வது இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தீவுகள் தென் அமெரிக்காவிற்கு மேற்கே, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் உள்ளன. 1835ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் இங்கு வந்தார். இங்கு வாழும் சிறு பறவைகள் அவர் பெயராலேயே டார்வின் குருவிகள் எனப்படுகின்றன.

வெளிநிலத்திலிருந்து வந்து புகுந்த பிலோர்னிஸ் என்னும் ஈயே இவற்றின் பகை. வளர்ந்த ஈ குருதியை உண்பதில்லை. ஆயின் அது குருவிக் கூட்டில் முட்டையிடுகின்றது. பொரித்து வரும் புழுக்கள் முதலில் குஞ்சின் மூக்குத் துளைகளில் தங்கும். பின்னர்க் கூட்டின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் மேலேறிக் குருதியை உறிஞ்சும். 1997ஆம் ஆண்டில்தான் ஆராய்ச்சியாளர் இப்புழுக்களை டார்வின் குருவிகளின் கூடுகளில் முதன்முதலாகக் கண்டனர்.

குருதி குறைந்தால் உயிர்வளியைச் சுமக்கும் செவ்வணுக்களும் குறையும். அவற்றை மீண்டும் ஆக்குவதற்கே உணவின் ஆற்றல் செலவாவதால், வளர்ச்சி தடைப்படுகின்றது, குஞ்சு மெலிகின்றது. பல கூடுகளில் ஒரு குஞ்சும் பிழைப்பதில்லை.

அத்தீவுகளிலேயே வாழும் மாக்கிங்பேர்டு என்னும் பறவையின் குஞ்சுகளையும் இப்புழுக்கள் விட்டுவைப்பதில்லை. ஆயினும் அக்குஞ்சுகள் முன்னினும் மிகுதியாக இரை வேண்டிக் கதறுகின்றன. பெற்றோரும் மிகுதியாக ஊட்டுகின்றன. இழப்பு ஈடாகின்றது, குஞ்சுகள் பிழைக்கின்றன. மழை பொய்த்து இரை அருகிய ஆண்டிலோ அவையும் தளர்கின்றன.

டார்வின் குருவிகளைக் காக்க வழி இல்லையா? குருவிகள் கூடு கட்டப் பஞ்சினைத் தேடி எடுப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். பேன் ஒழிக்கும் மருந்துகளில் சேரும் பெர்மெத்ரினைப் பஞ்சில் ஏற்றி, குருவிகள் எடுத்துச் செல்லுமாறு வைத்தனர். அப்பஞ்சு ஒரு கிராம் அளவேனும் சேர்ந்த கூடுகளில் ஏறத்தாழப் புழுக்களே காணப்படவில்லை. இம்முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

டார்வின் குருவிகளுள் ஓரினமான அலையாத்திக் காட்டுக் குருவி, ஏறத்தாழ நூறு பறவைகளே எஞ்சிய நிலையில் உள்ளது. அதற்கு ஒவ்வொரு குஞ்சும் அருஞ்செல்வமன்றோ? உயிர்களின் இயல்பினை நுணுகி அறிந்தாலன்றி அவற்றைக் காத்தல் இயலாது.