தைரியசாலிக்கும் துணை வேண்டும்

நம்பிக்கை: மனத்திடம் உள்ள பெண் எதையும் தானே சமாளித்துக்கொள்வாள்.

உண்மை: இப்படிச் சொல்லியே பல பெண்களைத் தனியாக விட்டுவிடுகிறோம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அரிப்பும் துர்நாற்றமுமாக வெள்ளைப்படுகிறது என்று வையுங்கள். வீட்டுக்குப் போன் செய்தால் ‘உடம்புச் சூடு, மோர் குடி’ என்பார்கள். மருந்துக்கடையில் நாலு ஆண்கள் நிற்பார்கள். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி உள்ளே போனால், உட்காருவதற்குள் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி வரிசையில் நிற்பவர்கள் காதிலும் விழும். வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறாள். அந்தப் பொறுமையைத்தான் திடம் என்று பாராட்டுகிறோம். உடனே காட்டினால் பெரும்பாலும் சில நாள் மாத்திரையில் தீரும். விட்டுவைத்தால் சிலவகைத் தொற்றுகள் கருக்குழாய்வரை ஏறி, பின்னாளில் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். கூடப் போய் உட்கார ஓர் அக்காவோ சித்தியோ அறைத்தோழியோ இருந்தால் முதல் வாரத்திலேயே முடிகிற விஷயம் இது. (வாடையோ அரிப்போ இல்லாமல், நிறமில்லாமலோ வெள்ளையாகவோ படுவது இயல்பு. அதை நோய் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.)

கைச்செலவுக்குக் காசு இருப்பதும் ஒரு துணைதான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில், 13 முதல் 22 வயதுவரையான மணமாகாத பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாமாதம் சிறு தொகை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தன. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களில், பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பணம் பெற்ற பிரிவில் எச்ஐவி தொற்று 1.2 சதவீதம், பெறாத பிரிவில் 3 சதவீதம். பணம் பெற்றவர்களிடம், வயதில் மிக மூத்த ஆண்களோடு உறவு வைத்திருப்பதும் குறைவாக இருந்தது. ஏற்கெனவே படிப்பை நிறுத்தியிருந்தவர்களிடம் தொற்றில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பள்ளியும் பணமும் சேர்ந்துதான் அவர்களைப் பாதுகாத்திருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை: பாலியல் விஷயங்களையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்.

உண்மை: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, பாலியல் கல்வியால் உறவு முன்கூட்டியே தொடங்குவதில்லை என்கிறது.

நம்பிக்கை: மணமாகாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்யப் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

உண்மை: 18 வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதம் போதும். கணவன் கையெழுத்தும் வேண்டாம், அப்பா கையெழுத்தும் வேண்டாம். 2021-இல் திருத்தப்பட்ட இந்தியக் கருக்கலைப்புச் சட்டப்படி, அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கே தண்டனை உண்டு. மணமானவள், மணமாகாதவள் என்று இதில் பேதம் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 18 நிறையாதவளுக்குப் பாதுகாவலரின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை. கூடப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால், ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று சொல்பவர்களிடம் அவளுக்காகப் பேசலாம்.