ஸ்பிரிங்ளர் குழாயில் துரு: கிடங்கு வைத்திருப்போர் அறிய வேண்டியவை

நம் உறுப்பினர்களில் பலர் இன்று பெரிய வணிக வளாகங்களிலும் புதிய கிடங்குகளிலும் வாடகைக்கு இடம் பிடித்துச் சரக்கு இறக்கி வைத்திருக்கிறோம். அங்கே கூரையை ஒட்டிச் சிவப்பு வண்ணக் குழாய்கள் ஓடுவதைப் பார்த்திருப்போம். அதுதான் ஸ்பிரிங்ளர். கட்டட உரிமையாளர் வைத்தது, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதன் கீழே அடுக்கியிருப்பது நம் முதல். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நம் ஊர்க் கிடங்குகளில் உள்ள குழாய்களில் பெரும்பாலும் எப்போதும் அழுத்தத்துடன் தண்ணீர் நிற்கும். முனையில் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அந்த நீரை அடைத்துக் கொண்டிருக்கும். குமிழில் உள்ள திரவம் சிவப்பாக இருந்தால், 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டும். சூடு எட்டிய முனை மட்டுமே திறக்கும். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லா முனைகளும் ஒன்றாகத் திறப்பதில்லை.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் வேண்டும். குழாயில் நீர் நிரப்பும்போது உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. உயரமான இடங்களில் சிக்கிக் கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் உண்டு. ஒரு கிராம் ஆக்ஸிஜன் இரண்டு கிராமுக்கு மேல் இரும்பைத் தின்றுவிடும். இந்த அரிப்பு குழாய் முழுவதும் சமமாக நடப்பதில்லை. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் குழிகுழியாக விழுந்து, கடைசியில் ஊசித் துளையாகிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீரும், நீரில் வளரும் சில நுண்ணுயிர்களும் இதை விரைவுபடுத்தும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். குழாயைத் திறந்ததும் கறுப்பாக, நாற்றத்துடன் தண்ணீர் வந்தால், குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல் அடிக்கடி வடித்துப் புதுநீர் நிரப்பச் சொல்வோர் உண்டு. அந்தப் பழைய நீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. புதுநீர் நிரப்பும் ஒவ்வொரு முறையும் துருவுக்குப் புதிதாகத் தீனி போடுகிறோம். தேவையின்றி வடிப்பதே கெடுதல்.

உண்மையான ஆபத்து

துளை விழுந்து சர்க்கரை மூட்டை நனைந்தால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். அதற்குப் பின் நாம் செய்யும் காரியம்தான் பெரிய ஆபத்து. சொட்டும் குழாயைக் கண்டதும் வால்வை மூடிவிட்டு, பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று வியாபாரத்தில் இறங்கி விடுகிறோம். தீ விபத்துகளில் ஸ்பிரிங்ளர் இயங்காமல் போனதற்கு முதல் காரணம், யாரோ அதை மூடி வைத்திருந்ததுதான் என்று அமெரிக்காவின் என்.எப்.பி.ஏ. அமைப்பு தொகுத்த விவரங்கள் காட்டுகின்றன. கசிவு இல்லாவிட்டாலும், உதிர்ந்த துரு முனையை அடைத்துக் கொண்டால் தீயின்போது தண்ணீர் வராது.

நாம் செய்ய வேண்டியவை

1. குழாயில் நீர் நிரப்பும்போது, உயரமான இடத்தில் உள்ள காற்றுப் போக்கியைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். காற்றுப் போக்கி இல்லையென்றால் உரிமையாளரிடம் கேட்டுப் பொருத்துங்கள்.

2. தீயணைப்புத் தொட்டிக்குப் போர் தண்ணீர் எடுத்தால், ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

3. வழக்கமான சோதனைகளை நிறுத்த வேண்டாம். சோதனைக்குத் தேவையான அளவு நீரை மட்டும் வடித்தால் போதும்.

4. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாயின் உட்புறத்தைத் திறந்து பார்ப்பது நல்ல நடைமுறை.

5. உப்பு மூட்டை, கருவாடு போன்றவற்றைக் குழாயை ஒட்டி அடுக்காதீர்கள். முனைக்கும் சரக்குக்கும் இடையே 45 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குழாயில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது.

6. வெளித்துருவைச் சுரண்டிக் குழாய்க்கு வண்ணம் பூசலாம். ஆனால் முனையின்மேல் பூச்சு படவே கூடாது. பட்ட முனையைத் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

7. துணி சுற்றிப் பசை தடவுவது பழுதுபார்ப்பு ஆகாது. கெட்ட துண்டை வெட்டி மாற்றுங்கள். வால்வை மூட நேர்ந்தால், மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் நோட்டில் எழுதி, திறக்கும்வரை கிடங்கில் காவலுக்கு ஆள் வையுங்கள்.

யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில், அழுத்தத்தைக் காக்கும் சிறிய பம்பு முன்பைவிட அடிக்கடி ஓடினால், எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். வாட்ச்மேனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, குழாயைப் பராமரிப்பது யார், செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்த்துக் கொள்வோம். தீ இன்சூரன்ஸ் பாலிசியில் ஸ்பிரிங்ளரைப் பற்றி என்ன நிபந்தனை உள்ளது என்பதையும் படித்துப் பார்ப்போம். இன்று மாலை கடை அடைக்கும் முன் கிடங்கில் ஒருமுறை தலை நிமிர்ந்து குழாயைப் பாருங்கள். பிறகு வால்வு திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.