ஏழு கையெழுத்துக்கு முன்னால்

"ஐ.டி. கம்பெனியில் சங்கம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை" என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் டீம் லீட். நல்ல மனிதர், வேண்டுமென்றே பொய் சொல்கிறவர் இல்லை. அவர் ஃப்ரெஷராக இருந்தபோது அவருடைய லீட் அப்படிச் சொல்லியிருந்தார். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இந்தத் தவறான செய்தி இப்படித்தான் ஒரு பேட்சிடமிருந்து அடுத்த பேட்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவிலேயே இருக்கிறது. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் டி.சி.எஸ்.ஸில் ஆட்குறைப்பு நடந்தபோது சென்னை ஐ.டி. ஊழியர்கள் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். விடாமல் மனுக் கொடுத்துக் கேட்டார்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை, தொழில் தகராறுச் சட்டம் இந்த நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் தமிழ்நாடு அரசு எழுத்தில் விளக்கம் கொடுத்தது. கர்நாடகத்தில் 2017இல் ஐ.டி. ஊழியர் சங்கம் ஒன்று பதிவானது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சங்கச் சட்டம், தொழில் தகராறுச் சட்டம் இரண்டின் இடத்திலும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சங்கம் வைக்கும் உரிமை அதிலும் அப்படியே இருக்கிறது.

ஆகவே சட்டம் நமக்குப் பெரிய தடை இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சம்பளத்தைப் பற்றிக்கூடப் பேசாமல் வருடக்கணக்கில் வேலை செய்யும் நம் பழக்கம்தான் தடை. பெரிய நிறுவனம் ஒன்றின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே சக ஊழியர்களைச் சேர்க்கும் வேலையிலும் இருந்தவள் என்ற முறையில், சங்கம் வைக்கும் யோசனை மனதில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சங்கம் என்ற சொல்லோடு யாரிடமும் பேச்சைத் தொடங்காதீர்கள். எங்கள் தளத்தில் எல்லாம் ஒரு கேப் பிரச்சினையில் தொடங்கியது. இரவு ஷிஃப்டில் கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் வண்டியில் காவலர் இருக்க வேண்டும் என்பது நிறுவனமே வைத்த விதி. வண்டி ஒப்பந்தக்காரர் மாறியதும் ரூட்டை மாற்றினார்கள், காவலர் வருவது நின்றது. ஆளுக்கொரு டிக்கெட் போட்டோம். ஒவ்வொன்றும் "தீர்க்கப்பட்டது" என்ற பதிலோடு மூடப்பட்டது. பிறகு எங்களில் ஒருத்தி, தேதி, வண்டி எண், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தளத்தில் பாதிப் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். அந்த வாரத்திலேயே காவலர் திரும்ப வந்தார். அந்தத் தாளில் ஆண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக் கேட்கப் போனபோதுதான் முதல்முறையாகப் பலரோடு உட்கார்ந்து பேசினோம். ஒருவருக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் வராமல் இருந்தது. இன்னொருவருக்கு நல்ல ரேட்டிங் கொடுத்து, "கர்வ் பொருந்தவில்லை" என்று கடைசி நேரத்தில் குறைத்திருந்தார்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடால் கையில் வந்த வேலையை இழந்தவரும் இருந்தார். தனக்கு மட்டும் நடந்தது என்று ஒவ்வொருவரும் வெட்கத்தோடு மூடி வைத்திருந்த விஷயம் எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்த அந்த நாட்கள்தான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சிறியது, எல்லோரையும் தொடுவது, வெல்லக்கூடியது. இந்த மூன்றும் உள்ள ஒரு பிரச்சினையை முதலில் எடுங்கள். சம்பள உயர்வில் தொடங்காதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. அந்த வசதி உங்களுக்கு இருக்கிறதா? 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவில் யார் யார் என்று எச்.ஆருக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்து என்ன செய்யலாம் என்பது தெரிந்துவிடும்.

யாரிடம் முதலில் போவது? மீட்டிங்கில் சத்தம் போடுகிறவரிடம் போகத் தோன்றும். என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்களில் பலர் அடுத்த ஆஃபர் கிடைத்ததும் போய்விடுவார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு மேடவாக்கத்தில் ரூம் பார்த்துக் கொடுப்பவர், பி.எஃப். கிளெய்ம் மாட்டிக்கொண்டால் எல்லோரும் போய்க் கேட்கிற அக்கா, ரிலீஸ் அன்று இரவு மற்றவர் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுப்பவர் என்று எல்லா டீமிலும் ஒருவர் இருப்பார். அவர் ஒருவர் நம்பினால் டீமே நம்பும். வேலையில் நல்ல பெயர் உள்ளவர் முன்னால் நிற்கும்போது "வேலை செய்யத் தெரியாதவர்கள்தான் சங்கம் பேசுவார்கள்" என்ற பேச்சும் எடுபடாது.

பேசும்போது பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டிருங்கள். டீக்கடை, பஸ், மதிய நடை எல்லாம் சரியான இடங்கள். எடுத்த எடுப்பில் பெரிய வாட்ஸப் குரூப் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முகம் தெரியாத குரூப்பில் ஒரு வதந்தி போதும், எல்லோரும் வெளியேறிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் மேனேஜரிடம் போகவும் அதிக நேரம் ஆகாது.

"இதெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு, நமக்கு எதுக்கு அக்கா?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். இதற்கு வங்கியைக் காட்டுங்கள். மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்கள்தான் 1946இல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றுவரை வங்கி ஊழியரின் சம்பளமும் வேலை நிபந்தனைகளும் பேச்சுவார்த்தை மேசையில்தான் முடிவாகின்றன. நம் வீடுகளில் வங்கியிலோ எல்.ஐ.சி.யிலோ வேலை பார்த்த சித்தப்பா, பெரியம்மா யாராவது இருப்பார்கள். அவர்களுடைய வேலைப் பாதுகாப்பு எப்படி வந்தது என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவராக இருந்தார், திரு.வி.க. உடன் நின்றார். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு வேலை நடந்திருந்தது. அங்கே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள்மேல் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தியதற்காக வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னால்தான் வலுத்தது. 1926 தொழிற்சங்கச் சட்டம் அப்படி வந்தது. இந்த ஊரில் கிடைத்த அடியிலிருந்து நாடு முழுவதுக்கும் கிடைத்த உரிமை அது. அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, நமக்கு இது பொருந்தாது என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் வைஃபை மூன்றிலும் இந்தப் பேச்சு வரவே கூடாது. கிளையன்ட் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். சங்கத்தோடு சம்பந்தமில்லாத அந்த ஒரு காரணத்தைக் காட்டியே உங்களை வெளியே அனுப்ப முடியும். உங்களுடையது என்று உள்ளவற்றை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள்: ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், பே ஸ்லிப், ஒவ்வொரு வருட அப்ரைசல் கடிதம், பாராட்டுச் சான்றிதழ், பி.எஃப். எண். வெளியேற்றும் நாளில் லாகின்தான் முதலில் போகும்.

அந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ.டி.யில் ஆட்குறைப்பு என்ற பெயரில் ஆட்குறைப்பு நடப்பது அபூர்வம். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். எச்.ஆர். இரண்டு பேர் இருப்பார்கள். சில இடங்களில் போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். இல்லேன்னா டெர்மினேட் பண்ணுவோம், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல அது தெரியும்." அந்த அறையிலேயே ராஜினாமா மெயிலை டைப் செய்ய வைப்பார்கள். வீட்டுக் கடனும் பள்ளிக்கூடக் கட்டணமும் தலையில் ஓட, கை நடுங்க, பலர் அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் தளத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தவர்.

அந்த மெயிலின் விலை என்ன தெரியுமா? ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்ப வேண்டுமானால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்தால் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வழக்குப் போடும்போதும் நிறுவனம் முதலில் நீட்டுவது அந்த மெயிலைத்தான்.

அந்த அறையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "எழுத்தில் கொடுங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்." அதற்கு மேல் வாதம் வேண்டாம். வெளியே வந்த உடனே, என்ன தேதி, என்ன நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எனக்கு ராஜினாமா செய்ய விருப்பமில்லை என்று எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். உங்கள் சொந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். வற்புறுத்தலில் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? நிறுவனம் அதை ஏற்றுக்கொள்வதற்கு முன், திரும்பப் பெறுகிறேன், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று அன்றைக்கே எழுதுங்கள். பிறகு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறைக்குப் போகலாம். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகவே சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

"நான் மேனேஜர் கிரேடு, எனக்கு இது செல்லாது" என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நிறைய. விசிட்டிங் கார்டில் உள்ள பதவியை வைத்து இது முடிவாவதில்லை, செய்கிற வேலையை வைத்துத்தான். லீவு அனுமதிக்கவோ ஆள் எடுக்கவோ அதிகாரம் இல்லாமல், நாள் முழுக்க நீங்களே கோடு எழுதியோ டெஸ்ட் செய்தோ கொடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதிட இடமிருக்கிறது. 2015இல் டி.சி.எஸ். வெளியேற்றிய ஒருவரின் வழக்கில், அவர் தொழிலாளி அல்ல என்ற வாதத்தை ஏற்காமல், சம்பளப் பாக்கியோடு மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லிச் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. ஏழு வருடம் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனி ஆளாக அத்தனை வருடம் தாக்குப்பிடிப்பது எல்லோராலும் முடியாது. சங்கம் தேவைப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

பதிவுக்கு வருவோம். விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் உள்ள நிறுவனத்தில் 100 என்பது எட்டக்கூடிய எண்தான். கையெழுத்திடும் ஏழு பேரின் பெயரும் முகவரியும் பதிவாளரிடம் போகும் என்பதால், பெயர் வெளியே தெரிந்தாலும் நிற்கக்கூடியவர்கள் மட்டும் அதில் இருக்கட்டும். வெளியாட்கள் நிர்வாகிகளாக இருக்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. பதிவு உடனே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் தங்கள் சங்கத்துக்குப் பதிவு பெற்றார்கள். பதிவுக்குப் பிறகு அங்கீகாரம் என்பது தனிப் படி. ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ளதுதான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகும்.

நீங்களே புதிதாகத் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையில் ஐ.டி. ஊழியர்களுக்கு ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றன, தனி உறுப்பினராகச் சேரலாம். சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, வரவு செலவுக் கணக்கைக் காட்டுவீர்களா, எங்கள் கம்பெனி விஷயத்தில் முடிவு எடுப்பது நாங்களா நீங்களா? கட்சிச் சார்பைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் என்னைப் பொறுத்தவரை கொடியின் நிறம் அடுத்த விஷயம்.

சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதைச் சட்டம் முறையற்ற தொழில் நடவடிக்கை என்று பட்டியலிட்டு, அதற்குத் தண்டனையும் வைத்திருக்கிறது. மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதி வையுங்கள், சாட்சி இருந்தால் பெயரையும் எழுதுங்கள்.

ஆட்குறைப்புச் செய்தி வந்த பிறகு ஓடி வருகிறவர்களைச் சேர்த்து நிறுத்துவது மிகக் கடினம். அப்போது ஒவ்வொருவரும் தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே இருப்பார்கள். பிரச்சினை இல்லாத மாதம்தான் தொடங்கச் சரியான மாதம். இந்த வாரம் உங்கள் டீமில் ஒருவரை டீக்குக் கூப்பிடுங்கள். போன அப்ரைசலில் அவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.