சொசேஜ் சான்ட்விச்: சுவையும் சத்தும்



வளைகுடா வாழ்க்கையில் எமது வீடுகளுக்குள் மெல்ல நுழைந்துவிட்ட ஓர் உணவைப் பற்றி இம்முறை பார்ப்போம். நீளமான பணிஸைப் பிளந்து, சுட்ட சொசேஜை வைத்து, வதக்கிய வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்து, மேலே சீஸ் போட்டுத் தரும் இத்தாலிய சொசேஜ் சான்ட்விச்தான் அது. இதைக் கடையில் வாங்காதவர்களும், இதன் உறவான மோர்ட்டடெல்லாவை மெல்லிய துண்டுகளாக வெட்டி வாங்கி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

இத்தாலிய சொசேஜின் தனி மணத்துக்குக் காரணம் பெருஞ்சீரகம். எமது கறித்தூளில் இருக்கும் அதே சோம்புதான். உள்ளி, மிளகு, சில வகைகளில் மிளகாயும் உண்டு. எனவே முதல் தடவை சாப்பிடும்போதே எமது நாக்குக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. சூட்டில் இறைச்சியின் மேற்பகுதி பொன்னிறமாகும்போது எழும் வாசனை, கொழுப்பின் மென்மை, உப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேண்டாம் என்று சொல்வது கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. எம்மில் பலர் போரினால் இடம்பெயர்ந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எமது பிள்ளைகள் கேட்கும் உணவை மறுக்க எமக்கு மனம் வருவதில்லை. அந்த மனதை நாம் குறை சொல்லவில்லை. கொடுப்பது என்னவென்று தெரிந்து கொடுப்போம் என்பதே எமது வேண்டுகோள்.

ஹலால் என்றால் ஆரோக்கியமா?

இத்தாலியில் இவை பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்யப்படுபவை. மோர்ட்டடெல்லாவின் சொந்த ஊர் பொலோனியா நகரம். வளைகுடாவில் நாம் சாதாரணமாகக் காண்பது மாடு, கோழி, வான்கோழி ஆகியவற்றில் செய்த ஹலால் வகைகள். ஒலிவ், பிஸ்தா சேர்த்தவையும் உண்டு. ஹலால் முத்திரை இறைச்சி எது, எப்படி அறுக்கப்பட்டது என்பதற்கான உறுதி. உப்பு, கொழுப்பு பற்றி அது எதுவும் சொல்வதில்லை. "கோழி சொசேஜ்தானே டொக்டர்" என்று பலர் எம்மிடம் சொல்வதுண்டு. கோழியில் கொழுப்பு சற்றுக் குறையலாம், ஆனால் உப்பு அநேகமாகக் குறைவதில்லை.

கணக்குப் பார்ப்போம்

சுமார் 80 கிராம் எடையுள்ள, பன்றி இறைச்சியில் செய்த இத்தாலிய சொசேஜ் ஒன்றில் ஏறத்தாழ 280 கலோரி, 22 கிராம் கொழுப்பு, 15 கிராம் புரதம், 1000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். வெள்ளை மா பணிஸ், சீஸ், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் சான்ட்விச் ஒன்று 550 முதல் 600 கலோரி வரை போகும். சோடியம் சுமார் 1500 மில்லிகிராம் ஆகிவிடும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். அதாவது கிட்டத்தட்ட நான்கு கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லை ஐந்து கிராமுக்குக் குறைவு.

உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் வீட்டுக் கறியில் உப்பைக் குறைத்துவிட்டு, மாலையில் இதைச் சாப்பிட்டால் அழுத்தம் எப்படிக் குறையும்? நீரிழிவும் மாரடைப்பும் தெற்காசியர்களாகிய எமக்கு மற்றவர்களைவிடச் சற்று இளம் வயதிலேயே வருகின்றன. ஒருவர் சம்பளத்தில் இங்கே ஒரு வீடும் ஊரில் ஒரு வீடும் நடக்கும்போது, அவர் படுத்துவிட்டால் இரண்டு வீடுகளும் படுத்துவிடும்.

நல்லதும் உண்டு. புரதம், பி12 உயிர்ச்சத்து, மாட்டிறைச்சியாயின் இரும்புச்சத்து கிடைக்கின்றன. ஆனால் அதே 80 கிராம் தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சிறைச்சியில் சுமார் 25 கிராம் புரதமும் 3 கிராம் கொழுப்புமே உள்ளன.

பதப்படுத்திய இறைச்சியும் புற்றுநோயும்

மோர்ட்டடெல்லா, ஹொட் டோக் போன்றவற்றின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் நைத்திரைட்டு. பொட்டுலினம் என்னும் கொடிய கிருமி வளராமல் தடுக்க அது சேர்க்கப்படுகிறது. அந்தக் கிருமியின் பெயரே சொசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் நைத்திரைட்டிலிருந்து குடலிலும், அதிக சூட்டில் பொரிக்கும்போதும், தீங்கான பொருள்கள் உருவாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்றது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் நோய் ஆறு பேருக்கு வருவது போன்ற கணக்கு இது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்று அர்த்தமல்ல. எப்போதாவது ஒன்று சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். தினசரிப் பழக்கமாவதுதான் பிரச்சினை.

கர்ப்பிணிகளும் வெயிலும்

2017-18இல் தென்னாபிரிக்காவில் 'பொலோனி' என்ற, மோர்ட்டடெல்லாவை ஒத்த இறைச்சி மூலம் லிஸ்டீரியா கிருமி பரவி 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பச்சிளம் குழந்தைகள் பலர். இந்தக் கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். ஆகவே கர்ப்பிணிகளும் முதியோரும் இவ்வகை இறைச்சியைக் குளிராகச் சாப்பிடக் கூடாது. ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும். 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இறைச்சி உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பள்ளிப் பெட்டியில் ஐஸ் பொதி ஒன்று அவசியம்.

என்ன செய்யலாம்?

1. பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் அது அதிகம்.

2. மாதத்தில் ஓரிரு முறை என்று வையுங்கள். சீஸையும் சோடாவையும் தவிருங்கள். குடைமிளகாயையும் வெங்காயத்தையும் இரட்டிப்பாக்குங்கள்.

3. வீட்டில் செய்து பாருங்கள். தோல் நீக்கி அரைத்த கோழி இறைச்சி 500 கிராம், இடித்த பெருஞ்சீரகம் இரண்டு தேக்கரண்டி, உள்ளி, மிளகு, செத்தல் மிளகாய்த் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் பிசைந்து ஆறு நீள உருண்டைகளாக்கி, சிறிது எண்ணெயில் உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை சுட்டெடுங்கள். ஒன்றுக்கு நாம் சேர்த்த உப்பு அரை கிராம் அளவே. தவிட்டு மா குப்பூஸில் சுற்றி, தேசிக்காய்ப் புளி விட்டுக் கொடுங்கள்.

4. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்திரோல் பார்த்துக் கொள்ளுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.