கிம்ப்ல ஹிஸ்டோகிராம் அடுக்கலாம், வா: அக்காவோட டிப்ஸ்

தங்கச்சி, ஃப்ளோ சைட்டோமெட்ரி டேட்டா கையில இருக்கு. மூணு ஹிஸ்டோகிராமையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ஒரே படமா ஆக்கணும். காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர் உன் லேப்டாப்ல இல்லை. கவலைப்படாதே. கிம்ப், இங்க்ஸ்கேப் ரெண்டுமே இலவசம். தீசிஸ்ல வைக்கிற தரத்துக்குப் படம் வரும். ஒரே ஒரு விதியைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கோ: நிறத்தை மாத்தலாம், கோட்டோட வடிவத்தையும் அளவையும் தொடக்கூடாது.

டி செல்லை பிஎம்ஏ, அயனோமைசின் போட்டுத் தூண்டி, சிடி69 எவ்வளவு ஏறுதுன்னு பார்த்திருக்கேன்னு வச்சுப்போம். ஐசோடைப் கன்ட்ரோல், தூண்டாத செல், தூண்டின செல், மொத்தம் மூணு படம்.

பாதி வேலை எக்ஸ்போர்ட் பண்றதுலயே இருக்கு. மூணும் ஒரே வோல்டேஜ்ல ஓட்டினதா, ஒரே கேட் போட்டதான்னு முதல்ல பாரு. வோல்டேஜ் மாறியிருந்தா அடுக்காதே. மலை வலது பக்கம் நகர்ந்தது செல்லாலயா, டிடெக்டராலயான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. எக்ஸ் அச்சோட ஆரம்பமும் முடிவும் மூணுலயும் ஒண்ணா இருக்கணும். படத்தோட அகல உயரமும் அப்படியே.

எல்லாரும் சறுக்குற இடம் ஒய் அச்சு. ஒண்ணுல 10,000 செல், இன்னொண்ணுல 2,000 செல் எடுத்திருந்தா, ரெண்டாவது மலை குட்டையாத்தான் வரும். ஆனா சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்தோட உச்சியையும் பார்த்துத் தானாவே அச்சை மாத்திடும். ரெண்டு மலையும் ஒரே உயரம் மாதிரி தெரியும், பக்கத்துல இருக்குற எண்கள் மட்டும் வேற வேற. அப்படி அடுக்கினா அந்த ஒய் அச்சு பொய். ஒண்ணு, எல்லாத்துக்கும் சமமான எண்ணிக்கையில செல் எடுத்து, ஒய் அச்சோட உச்ச எண்ணையும் ஒண்ணா நிறுத்து. இல்லேன்னா அனாலிசிஸ் பண்ற இடத்துலயே உச்சியை 100 ஆக்கி நார்மலைஸ் பண்ணு. அப்ப அச்சுல ‘கவுன்ட்’னு போடாதே, ‘பெர்சென்ட் ஆஃப் மேக்ஸ்’னு போடு. கிம்ப்ல ஸ்கேல் டூலை வச்சு மலையை மட்டும் மேல இழுக்குறது கூடவே கூடாது. கோடு கரடுமுரடா இருக்குன்னு பிரஷ்ஷால மெழுகுறதும் அதே தப்புதான்.

இப்ப கிம்ப். ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ வழியா மூணையும் ஒரே ஃபைல்ல திற. பிடிஎஃப்னா ரெசொல்யூஷன் கேட்கும், 600 கொடு. ஒரே அளவுல எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா தானா ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரும், மூவ் டூலைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோலை அடியில வை. அச்சு, எண், எழுத்து எல்லாம் அதுல மட்டும் இருக்கட்டும். மலைக்குள்ள பக்கெட் டூலால வெளிர் சாம்பல் ஊத்து.

மேல இருக்குற ஒவ்வொரு லேயர்லயும் ‘கலர் டு ஆல்ஃபா’ போட்டு வெள்ளையை எடுத்துடு. டிரேசிங் பேப்பர் மாதிரி கோடு மட்டும் நிக்கும். அச்சுக்கு உள்ள இருக்குற பகுதியைச் செவ்வகமா செலக்ட் பண்ணி, செலக்‌ஷனை இன்வர்ட் பண்ணி டெலீட் அடி. அந்த லேயரோட எழுத்தும் எண்ணும் போயிடும். இதை விட்டா ஒரே எழுத்து மூணு தடவை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தடிச்சுத் தெரியும். அடுத்து செலக்‌ஷனை எடுத்துட்டு, லேயர்ல ‘லாக் ஆல்ஃபா’வை அழுத்தி, வேண்டிய நிறத்தைத் தேர்ந்தெடுத்து ‘ஃபில் வித் எஃப்ஜி கலர்’ கொடு. கோடு மட்டும் அந்த நிறமாகும், ஓரமெல்லாம் அப்படியே வழவழன்னு இருக்கும்.

பிடிஎஃப் இல்ல எஸ்விஜி கிடைச்சா என் ஓட்டு இங்க்ஸ்கேப்புக்குத்தான். அங்க கோடு கோடாவே இருக்கும். எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. அன்குரூப் பண்ணு, கிளிப் இருந்தா ரிலீஸ் பண்ணு, வளைகோட்டை மட்டும் காப்பி பண்ணி அடுத்த ஃபைல்ல ‘பேஸ்ட் இன் பிளேஸ்’ கொடு. முழுப் படத்தோட அளவை மாத்தணும்னா மட்டும் எல்லாத்தையும் குரூப் பண்ணி, விகிதத்தைப் பூட்டிட்டு மாத்து.

நிறத்துல சிவப்பும் பச்சையும் ஜோடியா வேண்டாம். அதைப் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க உன் தேர்வாளரா இருக்கலாம். நீலமும் ஆரஞ்சும் நல்லா பிரிஞ்சு தெரியும். நாலு கோட்டுக்கு மேல போனா அடுக்காதே, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தள்ளி வை.

2004-ல ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியில மைக் ரோஸ்னரும் கென்னத் யமடாவும் படத் திருத்தம் எதுவரைக்கும் போகலாம்னு எழுதியிருக்காங்க. படத்துல ஒரு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டுறது, மறைக்கிறது, நகர்த்துறது எல்லாம் தப்புன்னு தெளிவா சொல்லுது அந்தக் கட்டுரை. ஒரு தடவை படிச்சுடு.

முடிச்சதும் கிம்ப்போட எக்ஸ்சிஎஃப் ஃபைலைத் தனியா சேமி. பத்திரிகைக்கு டிஃப் இல்ல பிஎன்ஜி அனுப்பு. ஜேபெக் கோட்டோரத்தை அழுக்காக்கும். படத்தோட குறிப்புல எந்தக் கோடு எது, எத்தனை செல், நார்மலைஸ் பண்ணினியா இல்லையான்னு எழுது. மீடியன் எண்ணையும் பாசிடிவ் சதவீதத்தையும் பக்கத்துல போடு. மூல எஃப்சிஎஸ் ஃபைலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அழிக்காதே. யாராவது கேட்டா படத்தோட சேர்த்து அதையும் கொடு.